யார் கைக்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், எங்கள் ஊரான காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் மாவட்டம் ஒரு வருஷம் முழுக்கக் காணும் மழையைவிட அது கூடுதல். தண்ணீர் வடிய வடியத்தான் எது போயிற்று, எது மிஞ்சிற்று என்று தெரிந்தது. எங்கள் கொல்லையில் பூவரசு வேரோடு சாய்ந்து கிடந்தது. சின்ன வயதில் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. விறகுக்காரர் வந்து விலை பேசினார். உம்மா கொடுக்க விடவில்லை. “கிடக்கட்டும், எதுக்காவது ஆவும்” என்றாள். கவையோடு சேர்ந்த அடிமரத்தை மட்டும் அறுத்து, வெட்டுவாயில் மெழுகு தடவி, மாட்டுக்கொட்டிலாக இருந்த சாய்ப்பில் நிழலில் போட்டு வைத்தோம்.

ஒரு வருஷத்துக்கும் மேல் அது அங்கேயே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கும் என் மச்சான் ஒருநாள் வந்து, ஆண்டுவிழாவுக்கு ஊமைத்துரை நாடகம் போடுகிறோம், ஒரு துப்பாக்கி வேண்டும் என்றார். அட்டையில் வெட்டிக் கறுப்பு பூசினால் போதும் என்பதுதான் அவர் எண்ணம். எனக்குத்தான் ஆசை முளைத்தது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களைப் பார்த்த நாளிலிருந்து, வாய்வழியே மருந்து இட்டு இடித்துக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் மேல் எனக்கு ஒரு கண். சுடுவதில் நாட்டமில்லை. அந்த நீள இரும்பை ஒரு மரத்துண்டு எப்படித் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பதில்தான்.

சட்டம் தெரிந்தே இறங்கினேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். ஆகவே குழலுக்கு மின்வயர் ஓட்டும் பிவிசி குழாய், விசைப்பொறிக்குப் பலகையில் வெட்டிய தகடு, குதிரைக்கு ஒரு பழைய கதவுக் கொக்கி. ஆம், திரியையோ சக்கிமுக்கிக் கல்லையோ வாயில் கவ்விக்கொண்டு மருந்தின் மேல் பாயும் அந்த உறுப்புக்குத் தமிழில் குதிரை என்றுதான் பெயர். என் துப்பாக்கியில் எல்லாமே பொய். கட்டை ஒன்றுதான் மெய்யாக இருக்கப் போகிறது.

*

ஆறுமுகநேரிப் பக்கம் ஓர் ஆசாரி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். தூத்துக்குடியில் தோணி கட்டிய கை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் பாய் விரித்துப் போன மரத்தோணிகளில் பலவற்றின் பலகையில் அவருடைய இழைப்புளி ஓடியிருக்கிறது. இப்போது கதவு, நிலை, கட்டில் என்று வருவதைச் செய்கிறார். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“யாரு கைக்கு, தம்பி?”

“நாடகத்துக்குத்தானே அண்ணாச்சி. யாரு பிடிச்சா என்ன?”

அவர் பதில் சொல்லவில்லை. ஆணியில் தொங்கிய நூலை எடுத்து, என் வலது முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை பிடித்து ஒரு முடிச்சுப் போட்டார். நூலை என்னிடம் கொடுத்து, “கேட்டா ஒரு அளவு வேணும்லா” என்றார்.

அவர் வாழ்நாளில் துப்பாக்கிக் கட்டை செய்ததில்லை. நான் படித்து வைத்திருந்ததைச் சொல்லுவேன். அவர் கேட்டுக்கொண்டு, தமக்குத் தெரிந்த ஏதோ ஒரு வேலையோடு அதை ஒப்பிட்டுப் புரிந்துகொள்வார். நான் படித்ததில் முதல் பாடம் மரத்தின் ஓட்டம் பற்றியது. கட்டையின் மிக மெலிந்த இடம், கை பற்றும் கழுத்து. மருந்து வெடிக்கும்போது குழல் பின்னால் உதைக்கும். அந்த உதை முழுவதும் கழுத்தைக் கடந்துதான் தோளுக்கு வரவேண்டும். அந்த இடத்தில் மரத்தின் நார் குறுக்கே ஓடினால் கட்டை இரண்டாகும். கழுத்தில் பிளந்து, கம்பி சுற்றிக் கட்டப்பட்ட பழைய துப்பாக்கிகள் எத்தனையோ உண்டு. சின்ன வயதில் சந்தையில் பார்த்த நரிக்குறவர் ஒருவர் தோளில் தொங்கிய துப்பாக்கியும் அப்படித்தான் கம்பி சுற்றியிருந்தது. அப்போது அதை அலங்காரம் என்று நினைத்தேன்.

ஆசாரி இதைக் கேட்டதும் நேரே எங்கள் சாய்ப்புக்கு வந்து பூவரசின் கவையைத் தட்டிப் பார்த்தார். தோணியின் விலாக்களுக்கு நேர்மரத்தை வாங்கி வளைத்து வெட்ட மாட்டார்களாம். வளைந்தே வளர்ந்த மரத்தைத் தேடி எடுப்பார்களாம். வளைத்து வெட்டினால் நார் அறும். வளர்ந்த வளைவில் நார் அறாமல் கூடவே திரும்பும். அடிமரமும் கிளையும் பிரிகிற இடத்தில் அப்படி ஒரு வளைவு இருந்தது. “உங்க துப்பாக்கி இங்கனதான் படுத்துக் கிடக்கு” என்று சாக்கட்டியால் கோடு போட்டார்.

துப்பாக்கிக் கட்டைக்கு உலகெங்கும் பேர்போனது அக்ரூட் மரம். அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் நீளத் துப்பாக்கிக்கு மேப்பிள் மரத்தை எடுத்தார்கள். குழலுக்குள் முறுக்கு வரி வெட்டி, குண்டைச் சுழலவிட்டுக் குறி தவறாமல் அனுப்பும் ரைபிள் என்ற சாதி அங்கே அப்படித்தான் வேர்விட்டது. நம் கரையில் பூவரசு. ஆங்கிலேயர் காலத்து மரநூல்கள் பூவரசின் பயன்களைப் பட்டியல் இடுகையில் வண்டிச் சக்கரம், படகு இவற்றோடு துப்பாக்கிக் கட்டையையும் சேர்த்தே சொல்கின்றன. வெளிறு மங்கிய ரோசா நிறம், வைரம் கருஞ்சிவப்பு. பிளவுக்கு எளிதில் இடம் கொடுக்காது. கடற்கரை உப்புக்காற்றில் வளர்ந்த மரத்துக்கு வேறெதற்கும் அஞ்சும் வழக்கமில்லை.

*

தொடக்கக்காரன் செய்கிற முதல் தப்பு, வெளி உருவத்தை முதலில் செதுக்கத் துடிப்பது. எனக்கும் கை அரித்தது. பார்த்தவுடன் துப்பாக்கி என்று சொல்லும்படி அந்த வளைவைக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆனால் வேலையின் வரிசை நேர் எதிர். கட்டை இன்னும் சதுரப் பலகையாக இருக்கும்போதே குழல் உட்காரும் காடியை வெட்டவேண்டும். அதன்பின் குழலின் வால், அதன்பின் விசைப்பொறி, அதன்பின் இடிகோல் போகும் துளை. உள்ளே போகவேண்டியவை எல்லாம் உட்கார்ந்த பிறகு, மிச்சமிருப்பதில் எது வேண்டாததோ அதை எடுப்பதுதான் வெளி உருவம். சதுரத்தில்தான் மூலைமட்டம் வைக்க முடியும், கோடு இழுக்க முடியும். வளைவு வந்துவிட்டால் அளப்பதற்கு இடமில்லை.

காடி வெட்டிய ஒன்பது நாள்களை மறக்க மாட்டேன். சட்டிக் கரியைச் சுரண்டி நல்லெண்ணெயில் குழைத்துக் குழாயின் அடியில் மெல்லப் பூசவேண்டும். குழாயைக் காடியில் வைத்து அழுத்தி எடுத்தால், மரம் எங்கெல்லாம் இடிக்கிறதோ அங்கெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கும். கறுப்பை மட்டும் உளியால் சீவி எடுக்கவேண்டும். மறுபடி பூச்சு, மறுபடி அழுத்தல், மறுபடி கறுப்பு. முதல் நாள் மூன்றே புள்ளிகள்தான் விழுந்தன. பெருநாளுக்குக் கண்ணில் சுருமா இட்டதுபோல மூன்று தீற்றல்கள். அதைச் சீவினால் புதிதாக ஏழு. ஏழு பதினைந்தாகி, பதினைந்து நூறாகி, காடி முழுவதும் ஒரே சீராகக் கறுத்த அன்றுதான் குழாய் சரியாக உட்கார்ந்தது என்று பொருள். வெள்ளையாக இருந்த இடமெல்லாம் பொருந்தாத இடம். கறைபடக் கறைபடத்தான் சேர்க்கை. இப்படி ஒரு கணக்கை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

நான்காம் நாள் பொறுமை போய்க் கறுப்பில்லாத இடத்தையும் சேர்த்துச் சீவிவிட்டேன். குழாய் ஒரு பக்கம் ஆடியது. ஆசாரி குனிந்து பார்த்தார். “தம்பி, எடுத்தது எடுத்ததுதான். மரம் திருப்பிக் கேக்காது, ஆனா மறக்காது” என்றார். ஒரு மெல்லிய பூவரசச் சீவலைப் பசையிட்டு அங்கே ஒட்டச் செய்தார். ஒட்டுப்போட்ட இடம் இன்றைக்கும் விரலுக்குத் தட்டுப்படும்.

இடிகோலின் துளை அதைவிடப் பெரிய சோதனை. குழலுக்கு அடியில், அதற்கு இணையாக, ஒரு முழத்துக்கு மரத்துக்குள்ளேயே ஓடவேண்டிய துளை அது. துளைக்கும் கம்பி மரத்தின் ஓட்டம் இழுக்கும் பக்கம் நழுவும். மேலே நழுவினால் குழல் காடிக்குள் வந்து நிற்கும். கீழே நழுவினால் கட்டையின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எங்கள் ஊரில் முத்துத் துளைப்பது ஒரு தொழிலாக இருந்தது. வில்லும் நாணுமாகச் சுழலும் சின்னத் துறப்பணம்; முத்தின் இரு பக்கமும் பாதிப் பாதி துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். இந்தக் கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல். முத்து போனது, துளைத்தவர்களும் போனார்கள். அதைச் சொன்னபோது ஆசாரி யோசித்துவிட்டு, “நாமளும் ரெண்டு பக்கமும் வருவோம்” என்றார். முனையிலிருந்து பாதி, விசைப்பொறிக் குழியிலிருந்து பாதி. சந்திப்பில் ஒரு மயிர்க்கிடை பிசகு. கோல் தயங்கித் தயங்கிப் போகிறது, ஆனால் போகிறது.

*

பிறகுதான் உருட்டுகிற வேலை. முன்கட்டை நாலு பக்கச் சதுரம். நாலு மூலையையும் சீவினால் எட்டுப் பட்டை. எட்டு மூலையைச் சீவினால் பதினாறு. பதினாறுக்குப் பிறகு இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு அரம், அதன்பின் உப்புத்தாள். பாய்மரமும் இப்படித்தான் பிறக்கிறது என்றார் ஆசாரி. நேரடியாக வட்டம் செய்கிறவன் முட்டையைத்தான் செய்வான் என்பது அவர் சொல்.

எனக்கு எங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசல் தூண்கள் நினைவுக்கு வந்தன. கீழே சதுரம், மேலே எட்டுப் பட்டை, மறுபடி சதுரம். பாண்டி நாட்டுக் கல்தச்சன் கோயிலுக்குச் செதுக்கிய அதே இலக்கணம். உருவங்கள் மட்டும் இல்லை. சிறுவயதில் தொழுகை முடிந்து அந்தத் தூணில் சாய்ந்து, முதுகுத்தண்டு ஒரு பட்டையில் பொருந்தும்படி உட்காருவோம். கல்லில் பாதியில் நிறுத்திய வேலையை மரத்தில் நான் முடிக்கிறேன் என்று அன்று தோன்றியது. கொஞ்சம் அதிகப்படியான எண்ணம்தான். ஆனால் சீவல் சுருள் சுருளாகக் காலடியில் விழுகிற சாயங்காலத்தில் அப்படித்தான் எண்ணம் போகும்.

பின்கட்டை அப்படியல்ல. அதற்கு வடிவியல் கிடையாது, உடம்புதான் கணக்கு. பழைய துப்பாக்கிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பின்கட்டையைக் கொண்டே இது எந்த நாட்டவன் பிடித்தது என்று சொல்லலாம். இந்தியத் திரித் துப்பாக்கியின் பின்கட்டை மெலிந்து நேராக இருக்கும். தோளில் அழுத்த அது ஏற்றதல்ல. இலங்கையில் சிங்களவர் செய்த பழைய துப்பாக்கியின் பின்கட்டை மீன்வால்போல இரண்டாகப் பிளந்திருக்கும். ஐரோப்பியனுடையது தோளுக்கும் கன்னத்துக்கும் இடம் விட்டுக் கீழே வளைந்து இறங்கும். குழலின் கதை ஏறக்குறைய எங்கும் ஒன்று. கட்டையின் கதை ஒவ்வோர் ஊரிலும் வேறு.

சொல்லின் கதையும் அப்படித்தான். துருக்கியரின் துஃபெக் கடல்வழியாகவும் தரைவழியாகவும் நடந்து தமிழில் துப்பாக்கி ஆனது, மலையாளத்தில் தோக்கு ஆனது, ஈழத்தில் துவக்கு ஆனது. ஈழத்தார் இதிலும் ஒரு படி மேலே போய், வாய்வழி இடித்துக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு இடியன் என்றே பேர் வைத்தார்கள். குதிரைக்கும் ஒரு கதை உண்டு. மார்கோ போலோ கண்ட காயல் எங்கள் ஊரா, பழையகாயலா என்று இன்னும் வாதாடுகிறார்கள். எதுவானாலும், ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் இந்தத் துறைக்குக் கப்பலில் நிஜக் குதிரைகள் வந்து இறங்கின. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் முத்துக்கரைக்கு வந்தார்கள். 1538இல் வேதாளையில் மரைக்காயர் படையோடு மோதினார்கள். அதற்குள் துப்பாக்கியின் இரும்புக்குதிரையும் கரை ஏறிவிட்டது.

*

நாடகத்துக்குரிய கதை எல்லாருக்கும் தெரிந்தது. 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களில் மண்ணால் எழுப்பினார்கள். மார்ச் 31இல் ஏறிய கும்பினிப் படை திரும்பி ஓடியது. மே 24இல் கோட்டை விழுந்தது. நாடகம் அங்கே முடிந்துவிடும். நான் யோசித்துக்கொண்டிருந்தது அதற்குப் பிறகான காட்சியை. அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்பாளையங்களில் ஆயுதத்தைத் தடை செய்தது. 1878இல் நாடு முழுவதற்கும் ஆயுதச் சட்டம் வந்தது.

துப்பாக்கியைப் பிடுங்கலாம், உருக்கலாம். குழல் அடித்த கொல்லனையும் கட்டை செதுக்கிய தச்சனையும் என்ன செய்வது? அவர்கள் மறுநாள் காலையில் எழுந்து வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். கொல்லனுக்குக் கொழு இருந்தது, தச்சனுக்கு மேழி இருந்தது. பேச்சுவழக்கில் நாம் ஒரு தொழில் செத்துப்போயிற்று என்கிறோம். இந்த மூன்று மாதத்தில் நான் கண்டது வேறு. தொழில் செத்தால் அதன் கை சாவதில்லை. பக்கத்துத் தொழிலில் போய் ஒளிந்துகொள்கிறது. துப்பாக்கியே செய்திராத மனிதர், எனக்குத் துப்பாக்கிக் கட்டை கற்றுக்கொடுத்தார். வளைவைத் தோணியின் விலாவிலிருந்து எடுத்தார், உருட்டைப் பாய்மரத்திலிருந்து எடுத்தார். பின்கட்டையின் இறக்கம் எவ்வளவு என்று நான் திணறியபோது ஏர்க்கலப்பையிலிருந்து எடுத்தார்.

“கண்ண மூடிக்கிட்டு மேழியப் பிடிக்கச் சொல்லுவோம். கை போய் எங்க நிக்கோ, அதான் உசரம். இதயும் கண்ண மூடிக்கிட்டுத் தோள்ல வைங்க பாப்போம்.”

வைத்தேன்.

“இப்பத் திறங்க. குழலோட நுனி தெரியுதா?”

தெரியவில்லை. கட்டைதான் தெரிந்தது. கன்னம் படும் இடத்தில் அரை விரல்கிடை சீவினேன். மறுபடி கண்ணை மூடி, மறுபடி திறந்தேன். பதினோராவது தடவை கண் திறந்தபோது குழாயின் நுனி நேரே எதிரில், கொல்லைச் சுவரில் உட்கார்ந்திருந்த காகத்தின் மேல் நின்றது. சொல்லக் கூசுகிறது, அந்த ஒரு நொடி எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. உடனே முதுகில் சில்லென்றது. பொய்க்குழல்தான், மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. ஆனால் மரம் பொய் சொல்லவில்லை. மூன்று மாதமாக நான் அழகு என்று நினைத்துச் சீவிய ஒவ்வொரு சீவலும் இந்தக் குறிக்குத்தான் வழி விட்டிருக்கிறது. துப்பாக்கியில் இரும்புக்கு உடம்பு தெரியாது. உடம்பை இரும்புக்கு அறிமுகம் செய்து வைப்பது கட்டை. ஆள் கொல்லுகிற பொருளில் அன்பான பகுதி என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதனாலேயே குற்றத்தில் அதற்கும் பங்கு உண்டு. கட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். காகம் பறந்து போயிருந்தது.

*

ஆளி எண்ணெய் மூன்று கை பூசியபின் பூவரசின் வைரம் புளியங்கொட்டை நிறத்தில் எழுந்து வந்தது. உம்மா தடவிப் பார்த்துவிட்டு, “பாவி மரம், உள்ள இவ்வளவு வச்சிருந்துச்சா” என்றாள். ஒத்திகைக்கு எடுத்துப் போனேன். ஊமைத்துரையாக நடித்தவன் பத்தாம் வகுப்புப் பையன், மெலிந்த தேகம். கட்டையை வாங்கித் தோளில் வைத்தான். கை விசை வரை எட்டவில்லை. எட்டிப் பிடித்தால் கன்னம் கட்டையில் படவில்லை. கழுத்தை நீட்டினான்; கோழி தண்ணீர் குடிப்பதுபோல இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். முதல் நாள் ஆசாரி கேட்ட கேள்வி அப்போதுதான் என் காதில் விழுந்தது.

பையனையும் கட்டையையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆறுமுகநேரிக்குப் போனேன். ஆசாரி ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. நூலை எடுத்துப் பையனின் முழங்கையை மடக்கி அளந்தார். என் முடிச்சுக்கும் அவன் முடிச்சுக்கும் நடுவே மூன்று விரல்கிடை. கட்டையைப் பெஞ்சில் கிடத்தி, எண்ணெய் பூசிப் பளபளத்த பின்பகுதியில் பென்சில் கோடு போட்டு, ரம்பத்தை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே அறுங்க.”

அறுத்தேன். துண்டு தரையில் விழுந்து உருண்டது. வெட்டுவாயில் மரத்தின் வளையங்கள் தெரிந்தன. பையன் கட்டையைத் தோளில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, “ஆமா” என்றான்.

நாடகம் நன்றாக நடந்தது என்றார்கள். கட்டை பள்ளிக்கூடத்து அலமாரியில் இருக்கிறது. அறுத்த துண்டை நான் கொண்டுவந்துவிட்டேன். சாயங்காலம் கடற்காற்று எழும்போது கொல்லைக் கதவு அடித்துக்கொள்ளும். அதற்கு முட்டுக் கொடுக்க ஆகிறது. என் கைக்கு என்று நான் செய்தது அந்த மூன்று விரல்கிடைதான்.